நான்காவது காரணம்

காலிஃபிளவர் இலை தன் வடிவத்தை இழக்க நான்கு காரணங்கள் உண்டு என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மண்ணில் சத்துக் குறைவு, பூச்சி, களைக்கொல்லியின் வீச்சு ஆகிய மூன்றையும் திரையில் படம் காட்டி உரத்த குரலில் விளக்கினார்கள். நான்காவது காரணத்துக்குப் படம் இல்லை. தொடுகை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் தேநீருக்கு எழுந்துபோய்விட்டார்கள்.

என் பெயர் தமயந்தி. கோயம்புத்தூரில் உள்ள இலை நல அலுவலகத்தில் பதினோராம் ஆண்டாகப் பணிபுரிகிறேன். நாற்பத்தைந்து வயதைக் கடந்து தனியாக வசிக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு நான்கு வளர்ப்புப் பைகளும், நாற்றுகளும், ஓர் இலைத்தட்டும் தருகிறது. மலைப்பகுதிகளுக்குக் காலிஃபிளவர், முட்டைகோஸ், நூல்கோல், சமவெளிக்கு முள்ளங்கி. வாரத்தில் ஒரு நாள், அந்தந்த ஊருக்குரிய கிழமையில், புதிதாக விரிந்த ஓர் இலையைக் கிள்ளித் தட்டின்மேல் வைக்க வேண்டும். தட்டு அதை வாசித்து எங்கள் திரைக்கு அனுப்பிவிடும். நல்ல இலைகள் மேல்தளத்தில் இருக்கும் நலப் பிரிவுக்குப் போகும். வடிவம் கெட்ட இலைகள் எங்களுக்கு வரும். நாங்கள் உரியவரைத் தொலைபேசியில் அழைத்து, வரையறுக்கப்பட்ட ஒன்பது கேள்விகளைக் கேட்டு, நான்கு காரணங்களில் ஒன்றில் கையொப்பமிட வேண்டும். இயந்திரம் தன் கணிப்பைத் திரையின் அடியில் சாம்பல் நிற எழுத்தில் காட்டும். ஆயினும் மனிதரின் கையொப்பம் இல்லாமல் எந்த முடிவும் செல்லாது என்பது நீதிமன்ற ஆணை.

நாச்சிமுத்து அவர்களின் இலை ஐப்பசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தது. கோத்தகிரிக்கு அருகே அரவேணு. வயது ஐம்பத்தாறு. முன்னாள் பேருந்து நடத்துநர். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். பிள்ளைகள் இல்லை. இலை ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமுமாக இருந்தது. நடுநரம்பு தடித்து, அதன் இருபுறமும் பச்சை கிழிந்த நாடாவைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"வணக்கம் ஐயா. இலை நல அலுவலகத்திலிருந்து பேசுறேன். இப்போ பேச உங்களுக்கு வசதிப்படுமா?"

"பேசலாங்க. சும்மாதானுங்க உக்காந்திருக்கேன். எல வந்து சேந்துருச்சுங்களா?"

"வந்தது ஐயா. கொஞ்சம் ஒடுங்கியிருக்கு. அதைப் பத்தி ஒன்பது கேள்வி கேக்கணும். தவறா நினைக்கக்கூடாது."

"ஒம்போதென்னங்க, தொண்ணூறு கேளுங்க. மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரூட்டுல முப்பத்தொரு வருசம் கண்டக்டருங்க நானு. ஏறி உக்காந்ததுக்கு அப்பறம் இது எந்த ஊரு பஸ்ஸுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கேன்."

ஒடுங்கியவை பழைய இலைகளா, புதிய இலைகளா என்று கேட்டேன்.

"புதுசுதானுங்க. அடியில இருக்கறது ஆனக்காது மாதிரி நல்லா விரிஞ்சிருக்குது. மேல வரவர சாட்டவாராட்டம் ஆயிருச்சு."

"குருத்து உயிரோட இருக்கா ஐயா? கருகியோ அழுகியோ போகலையே?"

"இருக்குதுங்க. பச்சப் புள்ள விரலாட்டம் இருக்குது."

"இலையோட அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க. செடிப்பேன் இருக்கா?"

"நாலஞ்சு இருந்துச்சு. நசுக்கிப்போட்டேன்."

"பக்கத்துல யாராவது களைக்கொல்லி அடிச்சாங்களா? இல்ல, களைக்கொல்லி அடிச்ச டப்பாவுல நீங்க செடிக்குத் தண்ணி தெளிச்சீங்களா?"

"எஸ்டேட்டுக்காரங்க அடிச்சு எட்டு மாசமாச்சுங்க. டப்பாவெல்லாம் எங்கிட்ட ஏதுங்க, சொம்புலதான் ஊத்தறேன்."

பையில் நிரப்பிய மண் தேயிலைத் தோட்டத்து மண் என்றார். சுண்ணாம்பு கலக்கவில்லை என்றார். நான் குறித்துக்கொண்டேன். தேயிலை மண் புளிப்பு மிக்கது. புளித்த மண்ணில் மாலிப்டினம் என்ற சத்து செடிக்கு எட்டாது. அது எட்டாவிட்டால் காலிஃபிளவர் இலை இதே போலச் சாட்டையாகும். பத்தில் ஏழு வீடுகளில் அதுதான் காரணம். இவருக்கும் அதுவாக இருக்கக்கூடும் என்று நினைத்தபடியே ஒன்பதாவது கேள்வியைக் கேட்டேன்.

"செடிக்கு உத்தேசமா எத்தனை இலை இருக்கும் ஐயா?"

"உத்தேசமென்னுங்க, கரெக்டாவே சொல்றேன். நாலு செடிக்கும் சேத்து அறுவத்தாறு."

"இப்போ எண்ணினீங்களா?"

"காலையில எண்ணுனதுங்க. சாயங்காலம் மறுக்கா எண்ணுவேன்."

கேள்விகள் முடிந்துவிட்டன. விதிப்படி நான் நன்றி கூறி இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். "ஏன் ஐயா எண்ணுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பழக்கமுங்க மேடம். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு தலைய எண்ணோணுமல்லங்க. கண்ணுல எண்ணுனா தப்பிப்போயிரும். சீட்டுக் கம்பியத் தொட்டுத் தொட்டுப் போனாத்தான் கணக்கு நிக்கும். ஒருக்கா குஞ்சப்பனையில தண்ணி குடிக்க எறங்குன ஒரு அம்மாவ விட்டுப்போட்டு வந்துட்டேன். கைப்புள்ளையோட நின்னுட்டு இருந்தாங்க பாவம். அன்னியிலிருந்து தொடாம எண்ணுனதே இல்லீங்க."

"செடி எங்கேயும் இறங்கிப் போயிடாதே ஐயா."

அவர் சிரித்தார். "அது எனக்குந் தெரியுதுங்க. கைக்குத் தெரியோணுமல்ல."

திரையின் அடியில் சாம்பல் எழுத்து தெளிவாக இருந்தது. தொடுகை. நாளொன்றுக்கு 132.

நான் கையொப்பமிடவில்லை. தொடர் கவனிப்பு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன்மூலம் ஒன்பது வாரம் வரை முடிவைத் தள்ளிவைக்கலாம். "இலைகளை அதிகமாத் தொடாம இருந்தா நல்லது ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் செரிங்க என்றார்.

அடுத்த இருக்கையில் அமரும் மெஹருன்னிசா என்னைவிடப் பத்து வயது இளையவள். மனத்தில் தோன்றுவதை அப்படியே சொல்லிவிடக்கூடியவள்.

"தமயந்திக்கா, நூத்தி முப்பத்திரெண்டு காட்டுதே. ஏன் சைன் பண்ணல?"

"தேயிலை மண்ணும்மா. மாலிப்டினம் குறைவாவும் இருக்கலாம்."

"மண்ணு செடியத் தொடுமா அக்கா? மிஷின் நம்பர் போட்டிருக்கு பாருங்க. இந்தச் செடிய எதுக்கு இப்படி மாத்திச் செஞ்சாங்க? சும்மா செடியத் தொட்டாலே வளர்ச்சி கம்மியாகும். இது ஒவ்வொரு விரலையும் எழுதி வச்சுக்கும். ஒரு நாளைக்கு நூத்தி இருபது தடவைக்கு மேல ஒருத்தர் செடியத் தொடுறாருன்னா, தொட வேற ஆளில்லன்னு அர்த்தம். அவங்கள மத்தவங்களோட சேந்து இருக்கக் கூட்டு இல்லத்துல கொண்டுபோய் விடணும். அதுக்குத்தானே நம்மள உக்கார வச்சிருக்காங்க."

"அவருக்கு அது தெரியாதே மெஹர்."

"பைக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கு. யாரும் படிக்கலன்னா அதுக்கு நாம என்ன பண்றது?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. எதுவும் மறைக்கப்படவில்லை. என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், குன்னூரைச் சேர்ந்த லில்லி புஷ்பம் என்ற அம்மையாரின் முட்டைகோஸ் இலையில் தொடுகை என்று கையொப்பமிட்டேன். அது சரியான முடிவுதான். அவர்களைக் கூட்டு இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதன்பின் நாற்பது நாள்கள், அலுவலகம் திறக்கும் நேரத்துக்குச் சரியாக, அவர்கள் அங்கிருந்து என்னை அழைத்தார்கள். "செடியத் தொட்டது குத்தமா பிள்ள? நான் இனி தொடல. என் வீட்ட எனக்குத் தந்துரு." தினமும் அதே சொற்கள். நானும் தினமும் அதே சொற்களால் மன்னிப்புக் கேட்டேன். நாற்பத்தொன்றாம் நாள் அழைப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரிக்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

ஆகவே நாச்சிமுத்து அவர்களை அந்த நிலைக்கு ஆளாக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். இதை நான் மிகுந்த நேர்மையோடு எண்ணியதாகவே அப்போது நம்பினேன்.

செவ்வாய்க்கிழமைகள் அதன்பின் வேறுவிதமாக அமைந்தன. அவருடைய இலையை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். முற்பகலின் மற்ற அழைப்புகளை முடித்துவிட்டால், அவருக்குப் பின் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒன்பது கேள்விகளுக்கும் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் கேட்பேன். அவரும் முதன்முறை கேட்பவரைப்போலப் பதில் சொல்வார். இடையிடையே பேருந்து வந்துவிடும். குஞ்சப்பனை தாண்டியதும் வாந்தி எடுப்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சன்னலோரம் மாற்றி உட்காரவைப்பதைச் சொல்வார். கோழியோடு ஏறியவர் கோழிக்கும் சீட்டுக் கேட்டு அடம்பிடித்ததைச் சொல்வார். நடத்துநர் இல்லாத பேருந்துகள் வந்தபின் ஒருமுறை பயணியாக ஏறினாராம். கதவு தானாக மூடியதும் தன்னையறியாமல் "ரைட்" என்று குரல் கொடுத்துவிட, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"நீங்க எந்த ஊருங்க மேடம்?" என்று நான்காம் வாரம் கேட்டார்.

"திருவையாறு பக்கம் ஐயா. இங்கே தனியா ஒரு ரூம்ல இருக்கேன்."

"அப்ப உங்க வீட்டுக்கும் பை வந்துருச்சுங்களா?"

"இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"நாலு வருசமென்னுங்க, ஓடிப்போயிரும்" என்றார், வாழ்த்துச் சொல்வது போல.

மெஹர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு செவ்வாயன்று என் மேசையருகே கைபேசியில் மணி பார்த்தபடி நின்றாள். "இருபத்தாறு நிமிஷம் அக்கா. ஒம்பது கேள்விக்கு. ஒரு காலிஃபிளவருக்குப் பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு நேரம் ஆகாது."

"பெரியவர் மெதுவாப் பேசுறார்."

"ஐம்பத்தாறு பெரியவரா? எங்க அத்தாவுக்கு அறுபத்திரெண்டு. அவர்கிட்ட சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாரு."

எனக்குக் கவலை தந்தது வேறொன்று. தொடுகையைக் குறைக்குமாறு நான் வாரந்தோறும் பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அவரும் செரிங்க, செரிங்க என்றே சொன்னார். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் வாரம் 190. ஐந்தாம் வாரம் 274. ஏழாம் வாரம் வந்த இலையில் பச்சையே இல்லை. வெறும் நரம்பு, தையற்கடையில் விழுந்த நூல்போலச் சுருண்டிருந்தது. ஒன்பதாம் வாரம் 412.

அன்று முடிவெழுதியாக வேண்டும். வேறு எந்த அழைப்பையும் எடுப்பதற்கு முன் அவருடைய கோப்பைத் திறந்தேன். சத்துக் குறைவு, மாலிப்டினம், புளிப்பு மண் காரணம் என்று எழுதி, சுண்ணாம்பும் சத்துப் பொட்டலமும் அனுப்பப் பரிந்துரைத்து, கையொப்பமிட்டேன். பதினோரு ஆண்டில் நான் எழுதிய முதல் பொய் அது. எனினும் உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு அவர் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்ற நிறைவு.

உடனே அவரை அழைத்தேன். "நல்ல செய்தி ஐயா. உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல. மண்தான் காரணம். சுண்ணாம்பு வந்து சேரும், அதைக் கலந்தா போதும். நீங்க உங்க வீட்டுலயே நிம்மதியா இருக்கலாம்."

மறுமுனையில் எங்கோ தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஒலித்து ஓய்ந்தது.

"அப்புடிங்களா" என்றார். "மண்ணுதானுங்களா."

"ஆமாம் ஐயா."

"செரிங்க மேடம். ரொம்ப நன்றிங்க."

மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் அவருடைய இலை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மூன்று வாரம் இலை வராவிட்டால்தான் நாங்கள் அழைக்கலாம் என்பது விதி. நான் மதிய உணவு நேரத்தில் மாடிப்படியில் நின்று, என் சொந்தக் கைபேசியிலிருந்து அழைத்தேன்.

"ஐயா, தமயந்தி பேசுறேன்."

"தெரியுதுங்க மேடம்."

"இலை வரல. உடம்புக்கு ஏதாவது...?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. செடியப் புடுங்கிப் போட்டுட்டேன்."

"ஏன் ஐயா? சுண்ணாம்பு போட்டிருந்தா சரியாகியிருக்குமே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. அந்த மிஷினு தொட்டதுன்னு சொல்லலீங்களா? நெசத்தச் சொல்லுங்க."

சாம்பல் எழுத்தை வெளியாரிடம் சொல்வது பணிநீக்கத்துக்குரிய குற்றம். "சொன்னது" என்றேன்.

"எத்தன போட்டுச்சுங்க?"

"கடைசி வாரம் நானூத்திப் பன்னெண்டு."

"அப்பப் பத்தலீங்களா?"

எனக்கு அந்தச் சொற்கள் விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"உங்களுக்கு... இதெல்லாம் முன்னாடியே தெரியுமா ஐயா?"

"மொதல்ல தெரியாதுங்க. மொத மொத நீங்க கூப்புட்டப்ப நெசமா எண்ணத்தான் எண்ணிட்டு இருந்தேன். அப்பறந்தான் ஊருக்கு வந்திருந்த அந்தோணியப் பாத்தேன். இங்க டீ பாக்டரியில வாட்ச்மேனா இருந்தவன். போன வருசம் அவனக் கூட்டு இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எம்பது கிலோ ஆயிட்டானுங்க மேடம். கேரம்போர்டுல தோத்தவன் மத்தவனுக்குத் துணி தொவைக்கோணுமாம். அவன்தான் சொன்னான், செடியத் தொட்டாப் போதும்டா, அவங்களே வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு. தொடாதீங்க தொடாதீங்கன்னு நீங்க வேற சொன்னீங்களா, செரி, இதுதான் வழியாட்டம் இருக்குதுன்னு ஒக்காந்து தடவிட்டே இருந்தேன். செடி பாவம், என்ன பண்ணும்."

"நேரா விண்ணப்பிச்சிருக்கலாமே ஐயா. விருப்பப்பட்டவங்களையும் எடுத்துக்கிறாங்களே."

"அப்ளிகேசன் பாரத்த வாங்கிட்டு வந்தனுங்க. வார்டு கூட்டத்துல நின்னு சொல்லோணும்னு போட்டிருக்குது. எனக்கு யாருமில்ல, கூட்டிட்டுப் போங்கன்னு. மேட்டுப்பாளையத்துலிருந்து கோத்தகிரி வரைக்கும் என்னத் தெரியாத ஆளு இல்லீங்க மேடம். கல்யாணப் பத்திரிக எனக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க, பஸ்ஸுல எல்லாருக்கும் சொல்லிருவேன்னு. அந்தச் சனங்க முன்னால போய் எப்புடிங்க நிக்கறது? எல சொன்னா அது வேற. கவர்மெண்டுல இருந்து காயிதம் வந்துருச்சு, கட்டாயம் போயாகோணுமாம்னு நாலு பேருகிட்ட திட்டிட்டே போயிருப்பேன்."

கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என்னால வாயத் தொறந்து கேக்க முடியல. நீங்களாச்சும் கேட்டிருக்கலாமுங்க மேடம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. சில்லறை இல்லை என்று ஒரு பயணியிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

இருக்கைக்குத் திரும்பி அந்த ஒன்பது கேள்விகளை எடுத்து வாசித்தேன். இலையின் வயது, மண், நீர், பூச்சி, மருந்து, வெயில், உரம், குருத்து, இலைகளின் எண்ணிக்கை. நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்வி அவற்றில் இல்லை. ஆனால் அந்த ஒன்பதுக்கு அப்பாலும் நான் அவரிடம் ஏராளமாகக் கேட்டிருந்தேன். கோழிக்குச் சீட்டுக் கொடுத்தீர்களா என்றுகூடக் கேட்டிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. லில்லி புஷ்பம் அம்மையாரை நினைத்துத்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். அவர் போய்விட்டால் செவ்வாய்க்கிழமை முற்பகலில் கடைசியாக யாரை அழைப்பேன் என்ற எண்ணம் அந்தக் கையொப்பத்தில் இல்லவே இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செடி இல்லாததால் புதிய இலைக்கு வழியில்லை. புதிய நாற்று அடுத்த பருவத்தில்தான் வரும். அது வளர்ந்து, மீண்டும் ஒன்பது வாரம் ஆக வேண்டும். எஞ்சியிருந்தது திருத்தப் படிவம் மட்டுமே. முன்பு தவறாகக் கையொப்பமிட்டதாக அலுவலரே ஒப்புக்கொண்டால், பழைய இலையின் வாசிப்பே செல்லுபடியாகும்.

மெஹர் என் திரையை எட்டிப்பார்த்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, திருத்தம் போட்டா உங்கள போன் பிரிவுல வச்சிருக்க மாட்டாங்க. மேல அனுப்பிடுவாங்க. அங்க பேசுறதுக்கு ஒரு ஆள் கிடையாது. நல்ல இலைக்கு யார் போன் பண்ணுவா?"

"தெரியும் மெஹர்."

"மூணு மாசம் அவரு பொறுக்கட்டுமே. புது நாத்து வரும், மறுபடி தடவட்டும். உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் என்மீது கொண்ட அன்பினால்தான் அப்படிச் சொன்னாள். அது எனக்கும் வசதியான யோசனையாகவே இருந்தது. மூன்று மாதம் என்பது பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள். விரல் தானாகப் படிவத்தை மூடும் பொத்தான்வரை போனது. அரவேணுவில் அவர் வெறும் பைகளின்முன் அமர்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. படிவத்தின் காரணம் என்ற கட்டத்தில், உரியவரிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இருபது நாளில் இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று எனக்கு, மேல்தளத்துக்கு மாறுதல். மற்றொன்று அவருக்கு, கூட்டு இல்லத்துக்கு. தொலைபேசிப் பிரிவில் எனக்கு அதுவே கடைசி நாள். மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது மெஹர், "அக்கா, உங்க ஆளு லைன்ல" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

காதில் வைத்ததுமே பலர் பேசும் ஓசை கேட்டது. அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது போலும்.

"ஏனுங்க, எல ஆபீசுங்களா? யாருங்க அங்க பொறுப்பான ஆளு?" நாச்சிமுத்து அவர்களின் குரல்தான். ஆனால் அது ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்கும் பேருந்தில் கடைசி இருக்கைவரை எட்டக்கூடிய குரல். "என்ன நெனச்சுட்டு இருக்கறீங்க எல்லாரும்? முப்பத்தொரு வருசம் ஒழச்ச மனுசன் ஊட்டுல சும்மா ஒக்காந்திருக்கான். செடியத் தொட்டானாம், ஊட்டக் காலி பண்ணோணுமாம். எந்த ஊரு நாயமுங்க இது?"

"நல்லாக் கேளுங்கண்ணா, விடாதீங்க" என்று பின்னால் ஒரு பெண் தூண்டினாள்.

நான் நாற்காலியில் நேராக அமர்ந்தேன். "மன்னிக்கணும் ஐயா" என்றேன். "விதி அப்படி இருக்கு."

"விதியாம் விதி. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாருங் கேட்டுக்குங்க."

"கேன்சல் பண்ணச் சொல்லுப்பா" என்றது ஓர் ஆண் குரல்.

அவர் ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. "ஏனுங்க... கேன்சல் பண்ண வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆணையின் கடைசி வரியிலேயே அது இருக்கும்; அங்கு யாரும் அதைப் படித்திருக்கவில்லை.

"இல்லை ஐயா. எந்த வழியும் இல்லை."

"ஒரு வழியுமே இல்லீங்களா?"

"ஒரு வழியும் இல்லை. கட்டாயம் போயே ஆகணும்."

"கேட்டீங்களா, கேட்டீங்களா. ஒரு வழியும் இல்லியாம். நான் என்னத்தப் பண்ணட்டும் சொல்லுங்க." பலர் ஒருசேர அலுவலகத்தை ஏசினார்கள். அந்த இரைச்சலின் நடுவே அவர் கேட்டார்: "வண்டி எப்பங்க வருது?"

"வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு."

"ஒம்போதுன்னா ஒம்போதுக்கே வந்துருமுங்களா?"

"வந்துடும் ஐயா. நேரத்துக்கு வந்துடும்."

"மனசாட்சியே இல்லாத ஆளுங்க" என்று முழங்கிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

மெஹர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்பத் திட்டிட்டாரா?"

"ஆமாம்" என்றேன். "நல்லாத் திட்டினார்."

நலப் பிரிவில் பதினான்கு பேர் பணிபுரிகிறோம். வடிவம் கெடாத இலைகள் நாளொன்றுக்கு அறுநூறு வரை வரும். பார்த்து, நலம் என்ற கட்டத்தில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். கேள்விகள் இல்லை. மேசையில் தொலைபேசி இல்லை. பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோத்தகிரி கூட்டு இல்லத்தின் பொதுத் தோட்டத்திலிருந்து ஒரு காலிஃபிளவர் இலை என் திரைக்கு வந்தது. பொதுத் தோட்டத்து இலைகளில் பெயர் இருக்காது. நாச்சிமுத்து அவர்களை எந்த இல்லத்தில் சேர்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அந்த வட்டாரத்தில் மூன்று இருக்கின்றன. இலை இரண்டு கை அகலத்துக்கு விரிந்து, ஓரங்கள் அலையலையாக மடிந்து, நரம்புகள் நுனிவரை ஒழுங்காக ஓடியிருந்தது. அடியில் சாம்பல் எழுத்தைப் பார்த்தேன். தொடுகை, நாளொன்றுக்கு 3. தண்ணீர் ஊற்றியவரின் கை தற்செயலாகப் பட்டிருக்கும்.

அந்தச் செடியின் பக்கமே ஒருவரும் போகவில்லை. எல்லாரும் வேறு எங்கோ கூடியிருக்கிறார்கள்.

அந்த இலையை வேண்டிய அளவுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நலம் என்று கையொப்பமிட்டேன். அழைப்பு தேவையில்லை என்ற வரி திரையில் வந்து மறைந்தது. அடுத்த இலை வந்தது.